பதினேழாம் மனையில் காலை வெயில்

“என் மனை காணாம பூட்ச்சும்மா.”

ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க நீட்டிய கையோடு அந்தம்மா இப்படிச் சொன்னதும், கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த டில்லிபாபுவுக்குப் புரையேறிவிட்டது. செருப்பு காணாமல் போகும். சைக்கிள் காணாமல் போகும். தாலி கட்டின ஆளே சில வீட்டில் காணாமல் போவான். நாலு மூலையிலும் கல் நட்ட மனை எழுந்து எங்கே போகும்?

அம்பத்தூரில் பத்திர ஆபீசுக்கு எதிர் வரிசையில் இருக்கிறது யுவராணியின் ஜெராக்ஸ் கடை. பத்தொன்பது வருஷமாக அந்த மெஷின் கண்ணாடியில் எத்தனையோ ஆயிரம் பத்திரங்கள் குப்புறப் படுத்து எழுந்திருக்கின்றன. மற்ற கடைக்காரர்கள் காகிதத்தை வாங்கினோமா பட்டனை அழுத்தினோமா என்று இருப்பார்கள். யுவராணி படித்துவிட்டுத்தான் அழுத்துவாள். அந்தப் பழக்கத்தால் மூன்று போலிப் பத்திரங்கள் பதிவாகாமல் நின்றுபோன கதை அந்தத் தெருவுக்கே தெரியும்.

டில்லிபாபு மினி வேன் ஓட்டுகிறவன். அதற்கு முன்னால் பதினைந்து வருஷம் மண் சுமந்து, கலவை போட்டு, சுண்ணாம்பு அடித்து முதுகைத் தேய்த்தவன். சவாரி இல்லாத நேரமெல்லாம் இந்த வாசலில்தான் கிடப்பான். இந்த மாதிரி யாராவது வந்து சேரமாட்டார்களா என்று அவனுக்கு ஒரு நப்பாசை.

“உக்காருங்கக்கா,” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள் யுவராணி. “மனை எப்போ காணாம போச்சு?”

“நேத்து சாயங்காலம்.”

அந்தம்மா பெயர் சுலோசனா. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் இருபத்திரண்டு வருஷம் சோறு வடித்தவள். கள்ளிக்குப்பத்தில் ஒற்றை அறை வாடகை வீடு. ஆறு குடித்தனத்துக்கு ஒரே மோட்டார். வேலையிலிருந்து நின்றபோது கைக்கு வந்த பி.எஃப். பணம் மொத்தமும் இந்த மனைக்குத்தான். அதில் பாதியை முன்பணமாகக் கொடுத்தாகிவிட்டது. நாளைக் காலை பதினோரு மணிக்குப் பத்திரப் பதிவு.

“கிழக்குப் பாத்த மனைதான் வோணும்னு ரெண்டு வருசமா அலைஞ்சேம்மா. ஆவடி தாண்டி பூந்தமல்லி ரோட்டாண்ட உள்ள போனா மரகதம் அவென்யூன்னு ஒண்ணு கீது. அதுல பதினேழாம் நம்பரு. போன ஞாயித்துக்கெழம காலைல ஆறே முக்காலுக்கு நல்ல நேரம்னு கூப்ட்டாங்க. நானும் எம்பொண்ணும் போனோம். எங்களுக்கு முன்னாடியே ஓனரு ஞானசேகரன் சாரு வந்து நின்னுகினு இருந்தாரு. புரோக்கரு செல்வகுமாரு லேட்டாத்தான் வந்தான், பல்லுகூட வெளக்காம. கல்லுல பதினேழுன்னு செவப்புல எழுதிக் கீது. நான் அதுக்கு மஞ்சா பூசி, குங்குமம் வச்சு, கல்லுமேலயே கற்பூரம் கொளுத்தினேன். செல்வகுமாரு ரோட்டுல நின்னு எங்களைப் போட்டோ புடிச்சான்.”

“அப்புறம்?”

“நேத்து ஆசை தாங்கல. யாருக்கும் சொல்லாம தனியா போனேன். அதே தெரு. அதே எடம். கல்லுல முப்பத்தெட்டுன்னு கீதும்மா. மஞ்சாவும் இல்ல, குங்குமமும் இல்ல. செல்வகுமாருக்குப் போன் போட்டா, ‘யக்கா, நீ தெரு மாறிப் பூட்ட’ன்னு சிரிக்கிறான். ஓனர் சாரு, ‘பூஜை போட்ட இடத்துக்குப் பதிவு முடியும் முன்னால் திரும்பப் போகக் கூடாதம்மா’ன்னு சொல்லிட்டாரு.”

டில்லிபாபு டீ கிளாசைக் கீழே வைத்தான். “அந்தப் புரோக்கரு கேடி க்கா. சொல்லும்போதே தெரியல?”

“அவன் கேடின்னா பக்கத்துல பதினாறாம் நம்பரை எதுக்குத் தன் பேருக்கே அட்வான்ஸ் குத்து வைக்கிறான் தம்பி?” என்றாள் சுலோசனா. “அத்தப் பாத்துதானே நான் நம்பினேன்.”

“அதெல்லாம் டுபாக்கூர் யக்கா. சும்மா சொல்லிக்கினு திரிவான்.”

யுவராணி சுலோசனாவின் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்து மேஜையில் பரப்பினாள். பதினேழாம் மனைக்குப் பட்டா இருந்தது, ஞானசேகரன் பெயரில். முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று இருந்தது, ஒரு கறை இல்லை. வக்கீல் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். நாளைக்குப் பதிவாக வேண்டிய பத்திரத்தின் நகல் இருந்தது. கடைசியில் மனைப்பிரிவின் வரைபடம், ஜெராக்ஸ்.

“எல்லாமே நெஜம்தான்,” என்றாள்.

சுலோசனாவின் முகத்தில் இருந்த கொஞ்சம் ரத்தமும் வடிந்தது. “அப்ப எனக்குத்தான் புத்தி பெரண்டு பூட்ச்சா?”

“அப்படி நான் சொல்லலியே.” யுவராணி வரைபடத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். நடுவில் ஒரு தெரு மேலும் கீழுமாக ஓடியது. அதன் இடப்பக்கம் பதினாறு, பதினேழு, பதினெட்டு. வலப்பக்கம் முப்பத்தேழு, முப்பத்தெட்டு. “இந்த ஜெராக்ஸ் யார் குடுத்தது?”

“ஓனர் சாருதான். ‘உங்களுக்கு ஏம்மா அலைச்சல்’னு அவரே எடுத்துக் குடுத்தாரு.”

“டில்லி, இதைப் பாரு. இன்னா தெரியுது?”

டில்லிபாபு காகிதத்தை முகத்துக்கு நேரே வைத்துத் தேடினான். “இடது பக்கமும் மேலயும் படம் வெட்டுப்பட்டிருக்கு. பெரிய படத்தைச் சின்ன பேப்பர்ல எடுத்தா அப்டித்தானே க்கா வரும்?”

“வலது பக்கம்?”

“ரெண்டு விரக்கடை வெள்ளையா சும்மா கெடக்குது.”

“அவ்ளோதான்,” என்று அதை வாங்கி வைத்துவிட்டாள். பிறகு சுலோசனாவின் போனில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். கல்லுக்கு இரண்டு பக்கமும் அம்மாவும் மகளும் ரோட்டைப் பார்த்து நின்றார்கள். பின்னால் காலி மனை. இரண்டு பேருக்கும் கண் இடுங்கியிருந்தது. படம் எடுத்தவனின் நிழல் நீளமாக வந்து அவர்கள் காலடியில் தலை வைத்திருந்தது.

“கண்ணை ஏன்கா இப்படிச் சுருக்கியிருக்கீங்க?”

“மூஞ்சிமேலயே வெயிலும்மா. குத்துச்சு.”

பத்திர நகலின் கடைசிப் பக்கத்தை எடுத்து, மனையின் நான்கு எல்லைகளை எழுதியிருக்கும் பத்தியை யுவராணி வாய்க்குள் படித்தாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். அவள் கண்ணாடியைத் துடைத்தால் பாதி முடிச்சை அவிழ்த்துவிட்டாள் என்று டில்லிபாபுவுக்குத் தெரியும்.

“வேணாம்னு எழுந்து வந்துடலாம்லக்கா? இன்னும் பதிவு ஆகலியே,” என்றான்.

“முடியாது தம்பி,” என்றாள் சுலோசனா. “நான் பின்வாங்கினா முன்பணம் அவருக்குன்னு ஒப்பந்தத்துல எழுதிக் கீது. பாதி உசுரு பூடும்.”

யுவராணி அந்த ஒப்பந்தத்தையும் வாங்கி வரி வரியாகப் படித்தாள். “ஓனருக்கு இப்பவே போன் போடுங்க. பதிவுக்கு முன்னாடி மனையில ஒரு தேங்கா ஒடைக்கணும், நாளைக்குக் காலைல அவரும் புரோக்கரும் வரணும்னு சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை பேசாதீங்க.”

சுலோசனா அப்படியே சொன்னாள். மறுமுனையில் ஞானசேகரனின் குரல் மெதுவாக வந்தது. “சரிம்மா. உங்கள் நம்பிக்கையை நான் ஏன் கெடுக்க வேண்டும்? ஏழு மணிக்கு வாருங்கள். அதற்கு முன்னால் வர வேண்டாம், நேரம் சரியில்லை.”

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே டில்லிபாபுவின் வண்டி மரகதம் அவென்யூவுக்குள் நுழைந்தது. நாற்பது மனைக்கு ஒரே ஒரு வீடுதான் எழும்பியிருந்தது. சுலோசனா சொன்ன இடத்தில் முப்பத்தெட்டாம் கல் நின்றது; பக்கத்துக் கற்களைப் புதர் மூடியிருந்தது. யுவராணி குனிந்து அதன் உச்சியை விரலால் தடவிக் காட்டினாள். விரலில் கரி ஒட்டியது.

“கற்பூரம்,” என்றான் டில்லிபாபு. அவனும் உட்கார்ந்து கல்லின் அடியைப் பார்த்தான். புல்லில் வெள்ளையாக வழிந்து காய்ந்திருந்ததைக் கிள்ளி நாக்கில் வைத்துத் துப்பினான். “சுண்ணாம்பு க்கா. கல்லு மூஞ்சில மட்டும் அடிச்சு, அதும்மேல பதினேழுன்னு காவில எழுதியிருக்கான். அவங்க போனதும் தண்ணி ஊத்திக் கழுவிட்டான். மஞ்சாவும் அதோட பூட்ச்சு. உச்சியில சுண்ணாம்பு இல்ல, கரி தங்கிடுச்சு. இது அந்தப் பல்லு வெளக்காதவன் வேலைதான்.”

“கண்டுபிடிச்சதுல பாதி சரி,” என்றாள் யுவராணி.

எந்தப் பாதி என்று அவள் சொல்லவில்லை. தெருவைக் கடந்து எதிர்வாடைக்குப் போனாள். அங்கே பதினேழு என்று எழுதிய பழைய கல் ஒன்று முட்செடிக்குள் சாய்ந்து கிடந்தது. மனை முழுக்க இடித்துக் கொட்டிய கட்டட மண். பின்னால் ஆகாயத்தாமரை மூடிய ஓடை. முட்செடியில் பழைய பாலிதீன் கவர்கள் வரிசையாகச் சிக்கியிருந்தன, எல்லாம் டில்லிபாபுவின் இடுப்பு உயரத்தில்.

“இன்னாக்கா, கொடி கட்டி வுட்ட மாதிரி கீது?”

“மழையில தண்ணி நின்ன மட்டம் அது.”

திரும்பும்போது அந்த ஒற்றை வீட்டின் கதவைத் தட்டி, முப்பத்தெட்டாம் மனைக்காரரின் போன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஏழுக்கு ஐந்து நிமிஷம். ஞானசேகரன் முன்னாலேயே வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. காலில் கறுப்புத் தோல் செருப்பு. கல்லில் சிவப்பாக, பளிச்சென்று பதினேழு.

சுலோசனா வாயில் கை வைத்தாள். “இதோ கீதே. அப்ப நான்தான் தெரு மாறிட்டேனா?”

“சொன்னேனே அம்மா,” என்றார் ஞானசேகரன் கனிவாக. “வயதானால் வருவதுதான். இவர்கள் யார்?”

“எங்க ஊட்டாண்ட இருக்கறவங்க.”

செல்வகுமார் பைக்கை உதைத்து நிறுத்திவிட்டு ஓடி வந்தான். “சாரி சார், ரெயில்வே கேட்டு. யக்கா, பாத்தியா? கிழக்குப் பாத்த மனை, சும்மா தங்கம். இனிமே நீ பதினேழு, நான் பதினாறு. பால் காச்சினா எனக்கும் ஒரு டம்ளர் குடு.”

டில்லிபாபு அவனை எரிப்பது போலப் பார்த்தான். யுவராணி தலையசைத்ததும் வண்டியிலிருந்து ஒரு குடம் தண்ணீரை இறக்கி வைத்தான்.

“தண்ணீர் எதற்கு?” ஞானசேகரனின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. “தேங்காய் என்றுதானே சொன்னீர்கள்?”

“கல்லைக் குளிப்பாட்டாம பூஜை போடலாமா சார்?” என்றாள் யுவராணி. “அக்கா, ஊத்துங்க. கையால நல்லா தேச்சு ஊத்துங்க.”

“வேண்டாம், நேரமாகிறது” என்று அவர் ஒரு அடி முன்னால் வருவதற்குள் சுலோசனா குடத்தைச் சாய்த்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷம் அண்டா தேய்த்த கை அது. ஒரு தேய்ப்புக்குச் சிவப்பு கரைந்தது. இரண்டாவதுக்கு வெள்ளை பாலாக வழிந்தது. மூன்றாவதுக்கு, கறுப்புப் பெயிண்டில், முப்பத்தெட்டு.

டில்லிபாபு பாய்ந்து செல்வகுமாரின் சட்டையைப் பிடித்தான். “இன்னாடா மாமே, ஏமாத்தறியா?”

“அவரை வுடு டில்லி,” என்றாள் யுவராணி. “அவரும் ஏமாந்த ஆளுதான்.”

“நானா?” செல்வகுமார் கல்லையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“உங்க பதினாறாம் நம்பருக்கு நெஜமாவே அட்வான்ஸ் குடுத்தீங்களா?”

“பொண்டாட்டி வளையலை வச்சுக் குத்தேன்.”

“பதினேழுக்கு ரோடு கிழக்குல இருக்குன்னு எப்படிச் சொன்னீங்க?”

“பிளான்ல பாத்துதான். படத்துல மேல வடக்கு. பதினேழுக்கு வலது கைப் பக்கம் ரோடு. அப்ப ரோடு கிழக்கு. பத்திரத்துலயும் ரோடு, கிழக்குன்னு இருந்துச்சே?”

“இஸ்கூல்ல மாட்டியிருந்த படத்துல மேல வடக்கு. மனைப் பிளானுல அப்படிச் சட்டம் எதுவும் இல்ல. தாள்ல எப்படி அடங்குமோ அப்படித் திருப்பி வரைவாங்க. வடக்கு எதுன்னு ஓரத்துல ஒரு அம்பு போடுவாங்க.” யுவராணி பையிலிருந்து பெரிய தாள் ஒன்றை எடுத்து விரித்தாள். “ஒப்புதல் எண்ணைப் போட்டு கம்ப்யூட்டர்ல எடுத்த முழுப் படம் இது. அம்பு எங்க இருக்கு பாருங்க.”

இடப்பக்க மேல் மூலையில் அம்பு இருந்தது. அதன் முனை கீழே பார்த்தது.

“தலைகீழா?” என்றான் செல்வகுமார்.

“ஆமா. அப்ப வலது கைப் பக்கம் மேற்கு. பதினேழுக்கு ரோடு மேற்குல, முதுகுப் பக்கம் கிழக்குல ஓடை. பத்திரம் அதைத்தான் சொல்லுது. ‘இருபத்துமூன்றடி ரோட்டுக்குக் கிழக்கு, ஓடைப் புறம்போக்குக்கு மேற்கு.’ மனை ரோட்டுக்குக் கிழக்கால இருக்குன்னா, மனைல நின்னா ரோடு எந்தப் பக்கம்? ரோடும் கிழக்கும் ஒரே வரில வந்ததும் நீங்க மேல படிக்கல. வக்கீல் காகிதத்தைப் பாத்தாரு, மண்ணைப் பாக்கல. அக்கா மண்ணைப் பாத்தாங்க, காகிதத்தைப் பாக்கல.”

ஞானசேகரன் தோளில் இருந்த துண்டைச் சரிசெய்தார். “பெரிய படம். கடையில் பாதிதான் எடுத்துக் கொடுத்தார்கள். இது ஒரு குற்றமா?”

“பத்தொன்பது வருசமா இந்தத் தொழில்தான் சார் பண்றேன். பேப்பர் பத்தலன்னா அடங்காதது மட்டும்தான் போகும், காலி எடம் மிஞ்சாது. உங்க ஜெராக்ஸுல இடது பக்கம் ஓடையும் அம்பும் போயிருக்கு. வலது பக்கம் ரெண்டு விரக்கடை சும்மா கெடக்கு. வேணும்னு தள்ளி வச்சாத்தான் அப்படி வரும். அந்த ஜெராக்ஸை அக்காவுக்குக் குடுத்தது நீங்க, புரோக்கர் இல்ல.”

“சரி,” என்றாள் சுலோசனா மெதுவாக, “ஆனா நான் நின்னது எதுன்னு உனக்கு எப்டிம்மா தெரிஞ்சுது?”

“வெயில்தான் சொல்லிச்சு. ரோட்டைப் பாத்து நிக்கறீங்க, காலை வெயில் மூஞ்சில அடிக்குது. போட்டோ எடுத்தவரு நிழல் உங்க காலடிக்கு வருது. அப்ப ரோடு கிழக்கால இருக்கணும். நெஜப் பதினேழுல நின்னா அந்நேரத்துக்கு வெயில் உங்க முதுகுலதான் அடிச்சிருக்கும்.” அவள் திரும்பினாள். “சுண்ணாம்பு அடிச்சது யாருன்னு கேட்டீங்கன்னா, ரெண்டு நாளும் மொதல்ல வந்தவரு ஒருத்தருதான். ஏழு மணிக்கு முன்னாடி வராதீங்கன்னு சொன்னவரும் அவருதான். வெள்ளை வேட்டில சுண்ணாம்பு தெரியாது. கறுப்புச் செருப்புல தெரியும்.”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். செருப்பின் மேல் வெள்ளையாக நாலைந்து பொட்டுகள். ஞானசேகரனும் குனிந்து பார்த்தார்.

நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கனிவு இல்லை. “இப்போது என்ன? பதினேழாம் மனை என்னுடையது. பட்டா சுத்தம், வில்லங்கம் சுத்தம். விற்கத் தயார். வாங்க மறுப்பது இந்தம்மா. மறுத்தால் முன்பணம் எனக்கு. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள்.”

“நானும் படிச்சேன் சார். அதுக்கு மேல மூணாவது வரியைப் படிங்க. ‘விற்பவர் நேரில் காட்டி, வாங்குபவர் பார்த்துத் திருப்தியடைந்த மனை’ன்னு இருக்கு. நீங்க நேர்ல காட்டினது எது? தேதியோட, மணியோட போட்டோ இருக்கு. அதை எடுத்தவரு இதோ நிக்கறாரு.”

“நான் சாட்சி சொல்றேன்,” என்றான் செல்வகுமார். “எந்தக் கோர்ட்டுல வேணா சொல்றேன். எம்பொண்டாட்டி வளையல் அது.”

அந்த நேரத்தில் தெருமுனையில் ஒரு கார் திரும்பி வந்து நின்றது. கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி ஒரு பெண் இறங்கினாள். நேற்று யுவராணி போன் செய்த நிவேதிதா, முப்பத்தெட்டாம் மனையின் சொந்தக்காரி. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஞானசேகரனிடம்தான் அதை வாங்கியிருந்தாள். சுண்ணாம்பு வழியும் தன் கல்லை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சார், என் இடத்தைக் காட்டி வியாபாரமா?” என்றாள். “நான் இங்கேயிருந்து நேரா போலீஸ் ஸ்டேஷன் போறேன். இவங்களும் வருவாங்கன்னு நினைக்கிறேன்.”

“நான் வரேன்,” என்றாள் சுலோசனா.

“நானும்,” என்றான் செல்வகுமார்.

“வண்டி ரெடி,” என்றான் டில்லிபாபு. “ஏறுங்க, வாடகை வேணாம்.”

ஞானசேகரன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். ஒற்றை வீட்டு மாடியில் இரண்டு பேர் வந்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். “போலீஸ் வேண்டாம், பணத்தைத் திருப்பித் தருகிறேன்” என்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

சுலோசனாவின் போன் ஒலித்தது. அவள் நீட்டினாள், யுவராணி பார்த்துத் தலையசைத்தாள். முன்பணம் முழுசும் வந்திருந்தது. அடுத்த நிமிஷம் செல்வகுமாரின் போன். அவன் பார்த்துவிட்டு அப்படியே ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் ‘இன்றோடு ரத்து’ என்று யுவராணி சொல்லச் சொல்ல ஞானசேகரன் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிவேதிதா சாட்சி போட்டாள். பக்கத்தில் டில்லிபாபு, பேனாவை அழுத்திப் பிடித்து, தன் முழுப் பெயரையும் எழுதினான்.

“மாமே, சட்டை கசங்கிடுச்சா?” என்று செல்வகுமாரிடம் கேட்டான்.

“பரவால்ல அண்ணாத்தே. நானும் கேடி மாதிரிதான் இருக்கேன் போல.”

“பல்லு வெளக்கினா சரியாப் பூடும்.”

சுலோசனா ஒப்பந்தத்தை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகினாள். நேற்றுக் கடைக்குள் வரும்போது வளைந்திருந்த முதுகு இப்போது நிமிர்ந்திருந்தது. ஞானசேகரனுக்கு எதிரே போய் நின்று, கையை நீட்டி எதிர்வாடையில் இருந்த ஓடையைக் காட்டினாள்.

“வித்துக்குங்க சார், நான் வேணாங்கல. ஆனா வாங்க வரவங்களைக் கூட்டிக்கினு போயி அங்கயே நிக்க வச்சுக் காட்டுங்க. தண்ணியப் பாத்தும் புடிக்குதுன்னு சொல்றவன் எவனாவது வருவான். எரும வளக்கறவன்.”

முதலில் சிரித்தது நிவேதிதா. அப்புறம் மாடியில் நின்றவர்கள்.